282: ஒரு மதிப்பெண்ணின் வரலாறும் நம் பிஎச்.டி. விண்ணப்பங்களும்

"அக்கா, இந்த மார்க்கை வச்சிக்கிட்டு பிஎச்.டி.க்கு அப்ளை பண்ணா சிரிக்க மாட்டாங்களா?"

எங்கள் மாலை நேரப் படிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி ஒருவர் கேட்டது இது. எம்.ஏ. முடித்தவர், வீட்டில் முதல் பட்டதாரி. சி.ஜி.பி.ஏ. 6.1. முதல் செமஸ்டரில் இரண்டு அரியர், கடைசி செமஸ்டரில் 7.8. அவர் கண்ணுக்கு அந்த 7.8 தெரியவில்லை, 6.1 மட்டும்தான் தெரிந்தது. அவர் விண்ணப்பிக்க நினைத்த பல்கலைக்கழகம் கேட்ட குறைந்தபட்ச மதிப்பெண்ணைவிட அவருடையது கூடுதல். அப்படியிருந்தும் கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்வரை அவர் விண்ணப்பத்தைத் திறக்கவே இல்லை.

இவர் ஒருவர் மட்டும் இப்படி இல்லை. நாங்கள் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த பிள்ளைகளில் பலர், யாரும் நிராகரிப்பதற்கு முன்பே தங்களைத் தாங்களே நிராகரித்துக்கொண்டு வந்தவர்கள். இப்படி விலகிக்கொள்வதால் இழப்பு அவருக்கு மட்டுமல்ல. ஒதுக்கீட்டு இடம் காலியாகக் கிடக்கும். 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று கோப்பில் ஒரு வரி ஏறும். அடுத்த ஆண்டு அந்த வரியே நமக்கு எதிரான சான்றாக வாசிக்கப்படும்.

எனவே எதிர்பார்த்ததைவிடக் குறைந்துபோன மதிப்பெண்ணை என்ன செய்வது என்ற கேள்விக்கு, விண்ணப்ப உத்திகளுக்கு முன்னால் கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. மதிப்பெண் என்ற இந்த எண் நம் மக்களின் வாழ்வில் என்ன வேலை செய்திருக்கிறது என்று பார்ப்போம்.

750-க்கு 282

1907-இல் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேறிய பீமராவ் என்ற மாணவர் பெற்ற மதிப்பெண் 750-க்கு 282. இன்றைய கணக்கில் 37.6 விழுக்காடு. அம்பேத்கரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் இந்த எண்ணைப் பதிவு செய்திருக்கிறார்.

இதை வைத்து 'அம்பேத்கரே 37 சதவீதம்தான்' என்று சிலர் கேலி செய்வார்கள். வேறு சிலர் அதையே ஆறுதலாகச் சொல்வார்கள். இரண்டுமே அவசரப் பேச்சு. அன்றைய மெட்ரிகுலேஷனையும் இன்றைய பிளஸ் டூவையும் ஒரே அளவுகோலில் வைக்க முடியாது. திருத்தும் முறை வேறு, தேறியவர்களின் எண்ணிக்கை வேறு. தீண்டப்படாத சமூகத்துப் பையன் மெட்ரிகுலேஷன் தேறியதே அன்று பெரிய செய்தி. அதற்காகப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. அந்தக் கூட்டத்தில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற ஆசிரியர் தான் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார்.

அந்த 282 எந்தச் சூழலில் எடுக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். பரேலில் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறை. அதிலேயே சமையல், அதிலேயே எல்லோருக்கும் படுக்கை. மகன் முதலில் தூங்க, அப்பா ராம்ஜி இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து அவரை எழுப்பிவிட்டுத் தான் படுப்பார். அதன்பிறகுதான் படிக்க இடமும் அமைதியும் கிடைக்கும். பள்ளியில் கணக்குப் போடக் கரும்பலகைக்கு அழைக்கப்பட்டபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாக்கள் தீட்டுப்பட்டுவிடும் என்று சக மாணவர்கள் ஓடிப்போய் எடுத்தார்கள். சமஸ்கிருதம் படிக்க விரும்பினார், சொல்லித்தர மறுத்ததால் பாரசீகம் எடுத்தார். விரும்பிய பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகூட இல்லாத ஒருவருடைய மதிப்பெண் பட்டியல் அது. பட்டியலில் பாரசீகம் என்று இருக்கும், சமஸ்கிருதம் மறுக்கப்பட்டது என்று இருக்காது.

அடுத்து நடந்தது நமக்கு முக்கியம். கேளுஸ்கர் அவரைப் பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அழைத்துச் சென்றார். மன்னர் நேரில் கேள்வி கேட்டார், பதில்களில் திருப்தி அடைந்தார், மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கொடுத்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பேராசிரியர் முல்லர் புத்தகமும் உடையும் கொடுத்து உதவினார். பி.ஏ. முடித்தபின் 1913-இல் அதே பரோடா அரசு மாதம் 11.50 பவுண்டு வீதம் மூன்றாண்டுக்கு உதவித்தொகை அளித்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது.

அதாவது 282-க்கும் கொலம்பியாவுக்கும் நடுவில், எண்ணைத் தாண்டி ஆளைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அந்தச் சில பேர் இல்லாதிருந்தால் அந்த எண் அங்கேயே நின்றிருக்கும். அன்று அதே மதிப்பெண்ணோடு நின்றுபோன நம் பிள்ளைகள் எத்தனை பேரோ! அவர்களுக்கு வாழ்க்கை வரலாறு எழுத யாரும் இல்லை.

திருத்தி எழுதச் சொன்ன ஆய்வேடு

கொலம்பியாவில் பாடத்திட்டம் கேட்டதைவிட அதிகமாகப் படித்தார். பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4 என்று அமெரிக்க ஆய்வாளர் எலினார் ஜெலியட் கணக்கிட்டிருக்கிறார். 1915-இல் எம்.ஏ. 1916 மே மாதம் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. பேராசிரியர் செலிக்மன் லண்டன் அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார்.

லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்த மறு ஆண்டே, 1917-இல், உதவித்தொகை முடிந்து படிப்பு பாதியில் நின்றது. ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குப் போனார். அங்கே தங்க வீடு கிடைக்கவில்லை. சாதியை மறைத்துப் பார்சி விடுதியில் தங்க வேண்டிவந்தது, அங்கிருந்தும் துரத்தப்பட்டார். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சம்பாதித்த காசு, கோலாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவி, நவல் பத்தேனா என்ற நண்பரிடம் வாங்கிய கடன் ஆகியவற்றோடு 1920-இல் மறுபடி லண்டன் போனார். 1921-இல் எம்.எஸ்சி. முனைவர் பட்டத்துக்கும் மேலான டி.எஸ்சி.க்கு 'ரூபாயின் பிரச்சினை' ஆய்வேட்டைக் கொடுத்தபோது தேர்வாளர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை, திருத்தி எழுதச் சொன்னார்கள். பம்பாய் திரும்பி, முடிவுகளை மாற்றாமல் திருத்தி அனுப்பினார். 1923-இல் பட்டம் கிடைத்தது. கொலம்பியாவின் பிஎச்.டி. பட்டமோ, ஆய்வு நூலாக வெளிவந்த பிறகு, 1927-இல்தான் முறைப்படி வழங்கப்பட்டது.

1913-இல் கப்பலேறியவர் கையில் கொலம்பியாவின் பட்டம் வந்து சேர 14 ஆண்டுகள். இடையில் பணமின்றி நின்றது, வேலைக்குப் போனது, ஆய்வேடு திரும்பி வந்தது எல்லாம் உண்டு. இன்று ஒரு விண்ணப்பப் படிவத்தில் இதை 'இடைவெளி ஆண்டுகள்' என்ற கட்டத்தில் எழுதி விளக்கம் கொடுக்கச் சொல்வார்கள்.

முதலிடம் பெற்றவருக்குக் கிடைத்தது

'அப்படியானால் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டால் கதவு திறந்துவிடும்' என்று தோன்றலாம். இதற்குக் கே.ஆர். நாராயணனின் கதை பதில் சொல்லும்.

திருவிதாங்கூரின் உழவூரில் 1920-இல் பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்கு நாள்தோறும் பல மைல் நடந்தவர். கட்டணம் கட்டாததற்காக வகுப்புக்கு வெளியே நிற்கவைக்கப்பட்டவர். புத்தகம் வாங்கப் பணமில்லாததால் அவருடைய அண்ணன் மற்றவர்களின் புத்தகங்களை இரவல் வாங்கிக் கையால் படியெடுத்துக் கொடுத்தார். 1943-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில், முதலிடத்தில் தேறினார்.

இதைவிட மேலான மதிப்பெண் கிடையாது. ஆனால் விரிவுரையாளர் வேலை கேட்டபோது சமஸ்தான அரசு கொடுக்கவில்லை. அவர் பட்டமளிப்பு விழாவுக்குப் போய்ப் பட்டம் வாங்க மறுத்தார். டெல்லிக்குப் போய்ப் பத்திரிகையாளராக வேலை பார்த்தார். ஜே.ஆர்.டி. டாட்டாவின் உதவியோடு லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குச் சென்று ஹெரால்டு லாஸ்கியிடம் படித்தார். பின்னாளில் குடியரசுத் தலைவரானார்.

ஒருவர் மதிப்பெண் 37.6 விழுக்காடு, இன்னொருவர் பல்கலைக்கழகத்தில் முதலிடம். இருவருக்கும் ஊர் கொடுத்த பதில் ஒன்றுதான். மதிப்பெண் குறைந்தால் 'தகுதி இல்லை' என்பார்கள். மதிப்பெண் கூடினால் தகுதி என்ற பேச்சையே எடுக்காமல் வேறு காரணம் தேடுவார்கள். 'தகுதி, திறமை' என்ற சொற்களை யாராவது நம் முன்னால் வீசும்போது இந்த இருவரையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.

தனிமனிதக் கருணையிலிருந்து சட்டத்துக்கு

மன்னரின் பார்வை படுவதும் டாட்டாவின் உதவி கிடைப்பதும் எல்லோருக்கும் நடக்காது. இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் அம்பேத்கர். 1927-இல் பம்பாய் சட்ட மன்றத்தில் கல்வி மானியம் பற்றிப் பேசியபோதே, ஏற்றத்தாழ்வான நிலையில் இருப்பவர்களைச் சமநிலைக்குக் கொண்டுவரக் கீழே இருப்பவர்களுக்குக் கூடுதலாகச் செய்வதே வழி என்று வாதாடினார். 1942-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்தபோது, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் அரசு மானியம் தருவதைச் சுட்டிக்காட்டி, பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கும் பணம் ஒதுக்கக் கேட்டு மனு எழுதினார். 1944-இல் மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. இன்று நாம் 'எஸ்.சி. ஸ்காலர்ஷிப்' என்று சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. தனக்கு ஒரு மன்னர் கொடுத்ததை நமக்கு அரசு கொடுக்க வேண்டும் என்று மாற்றியது அவருடைய வேலை.

அதே காலத்தில் சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை நடைமுறையில் இருந்தது. தொழிற்கல்வியில் ஒவ்வொரு 14 இடங்களுக்கும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்று அரிஜன் என்று குறிக்கப்பட்ட நமக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்த ஆணை செல்லாது என்றது. அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது வழக்கு ஆவணத்திலேயே உள்ள செய்தி. விண்ணப்பிக்காமலேயே தனக்கு இடம் உண்டு என்று உச்ச நீதிமன்றம்வரை போகும் தன்னம்பிக்கை ஒரு பக்கம். தகுதிக்கு மேல் மதிப்பெண் இருந்தும் விண்ணப்பத்தைத் திறக்காத எங்கள் தம்பி இன்னொரு பக்கம். இந்த வித்தியாசம் இருவருடைய தனிப்பட்ட குணத்தில் இல்லை, யாருக்கு எந்த இடம் சொந்தம் என்று ஊர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்ததில் இருக்கிறது.

சென்னையில் எழுந்த போராட்டத்தின் விளைவாக அதே ஆண்டு ஜூனில் முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது, 15(4) சேர்க்கப்பட்டது. சேர்க்கை விண்ணப்பத்தில் உங்கள் சாதிச் சான்றிதழ் எண்ணை எழுதும் கட்டம் இந்த வரலாற்றின் வழியாக வந்த கட்டம். அதைப் பயன்படுத்தக் கூச்சப்பட வேண்டியதில்லை.

எழுத்துத் தேர்வு முடிந்து கதவுக்குள்ளே

ஆய்வுப் படிப்பில் சண்டை இன்னொரு இடத்துக்கு நகர்ந்தது. எழுத்துத் தாளில் பெயர் தெரியாது, நேர்முகத் தேர்வில் முகமும் பெயரும் பேச்சும் ஊரும் தெரியும்.

2007-இல் எய்ம்ஸ் குறித்து சுகதேவ் தோரட் குழு கொடுத்த அறிக்கை, செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எதிர்கொண்ட பாகுபாட்டைப் பதிவு செய்தது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் நேர்முகத் தேர்வு மதிப்பெண்களை ஆராய்ந்த அப்துல் நஃபே குழு, அங்கே பாகுபாடு தெரிவதாகச் சொல்லி, அதன் பங்கை 30-இலிருந்து 15-ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. நடந்தது நேர்மாறு. 2016-இல் யு.ஜி.சி. கொண்டுவந்த விதியின்படி எழுத்துத் தேர்வு வெறும் தகுதிக்கு மட்டும் என்றானது, நேர்முகம் முழு முடிவும் எடுக்கும் என்றானது. பின்தங்கிய பகுதியிலிருந்து வருவோருக்கு அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்துவந்த கூடுதல் புள்ளிகளும் ஆய்வுப் படிப்புச் சேர்க்கையில் நீக்கப்பட்டன. அங்கே சேரப் பலமுறை நுழைவுத் தேர்வு எழுதிக் கடைசியில் சேர்ந்தவர் நம் சேலத்து முத்துகிருஷ்ணன். 2017 மார்ச்சில் நாம் அவரை இழந்தோம். அதற்குச் சில நாட்களுக்கு முன்னால் அவர் எழுதியது இந்தச் சேர்க்கையில் சமத்துவம் மறுக்கப்படுவது பற்றித்தான்.

மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 2018-இல் விதி திருத்தப்பட்டது. எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்றானது. நுழைவுத் தேர்விலும் நமக்கு 5 விழுக்காடு தளர்வு வந்தது. 2022 விதிகளிலும் 70க்கு 30 தொடர்கிறது. முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடி உள்ளிட்டோருக்கு 50 போதும். நான்காண்டு இளநிலைப் பட்டத்தோடு நேரடியாக வருவோருக்கு 75, நமக்கு 70. 2024 முதல் நெட் மதிப்பெண்ணையே நுழைவுத் தேர்வாகக் கொள்ளவும் வழி வந்திருக்கிறது.

இந்தத் தளர்வுகள் ஒவ்வொன்றும் யாரோ தெருவில் நின்றதால் வந்தவை. அதைப் பயன்படுத்தி உள்ளே போவதும் அந்தப் போராட்டத்தின் ஒரு பகுதி.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. 1950-களிலிருந்து நடக்கும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை. நாடு முழுவதுக்கும் ஆண்டுக்கு 125 இடங்கள், 35 வயதுக்குள் இருக்க வேண்டும், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், தகுதிப் படிப்பில் 60 விழுக்காடு வேண்டும். 2022-இல் இதில் ஒரு மாற்றம் செய்தார்கள். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்றார்கள். 'இந்தியாவில் சாதிகள்' என்று நியூயார்க்கில் ஒரு 25 வயது இளைஞர் கட்டுரை வாசித்ததை நினைத்துப் பாருங்கள். பரோடா மன்னர் கேட்காத நிபந்தனையைக் குடியரசு கேட்டது.

மன்னிப்பு வேண்டாம், கணக்குக் காட்டுவோம்

இப்போது 6.1-க்கு வருவோம். இந்த வரலாறு நமக்குச் சொல்வது ஒன்றுதான். மதிப்பெண் ஒருவருடைய அறிவின் எல்லையைச் சொல்வதில்லை, எந்த நிலையில் நின்று ஒருவர் படித்தார் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் அந்தப் பாதிக் கதை பட்டியலில் அச்சாகாது. அதை நாம்தான் எழுத வேண்டும். குறைந்த மதிப்பெண்ணை மறைப்பதும் தவறு, அதற்காக மன்னிப்புக் கேட்பதும் தவறு. கணக்குக் காட்ட வேண்டும். எங்கள் அனுபவத்தில் பயன்பட்டவற்றைச் சொல்கிறோம்.

முதலில், உண்மையிலேயே மதிப்பெண் குறைவா என்று பாருங்கள். அறிவிப்பில் உள்ள தகுதி வரியைப் படியுங்கள், நமக்கான தளர்வு வரியையும் படியுங்கள். ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் வரம்பு கூடுதலாக இருக்கும், அங்கும் நமக்குத் தளர்வு உண்டு. சி.ஜி.பி.ஏ.வை விழுக்காடாக மாற்றும் கணக்கு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். 6.1-ஐ 10-ஆல் பெருக்கினால் 61, 9.5-ஆல் பெருக்கினால் 58-க்கும் கீழ். 60 கேட்கும் உதவித்தொகைக்கு இந்த வித்தியாசமே முடிவு. உங்கள் பல்கலைக்கழகத்தின் முறை மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் இருக்கலாம். இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டு விண்ணப்பங்களில் பல துறைகள் நீங்களாக மாற்ற வேண்டாம், உள்ளபடி எழுதுங்கள் என்றே சொல்லும். அங்கே விண்ணப்பக் கட்டணத்தில் விலக்குக் கேட்கவும் வழியுண்டு.

இரண்டாவது, மொத்தத்தைப் பிரித்துக் காட்டுங்கள். செமஸ்டர் வாரியாக ஏறியிருக்கிறதா? ஆய்வு செய்யப்போகும் துறைப் பாடங்களில் எவ்வளவு? எம்.ஏ. திட்டக் கட்டுரையில் எவ்வளவு? நெட் தேறியிருக்கிறீர்களா? முதல் செமஸ்டர் அரியரும் கடைசி செமஸ்டர் 7.8-உம் ஒரே சராசரியில் கரைந்துபோகின்றன. அதைக் கரையவிடாமல் எடுத்துச் சொல்வது உங்கள் வேலை.

மூன்றாவது, நோக்க அறிக்கையில் இதற்கு நான்கு வரிக்கு மேல் ஒதுக்காதீர்கள். தொடக்கத்தில் வேண்டாம், ஆய்வைப் பற்றிச் சொல்லி முடித்தபின் சொல்லுங்கள். எங்கள் தம்பி கடைசியில் எழுதியது ஏறத்தாழ இப்படி இருந்தது: "பள்ளி முழுவதும் தமிழ் வழியில் படித்தேன். எம்.ஏ. முதல் ஆண்டில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஆங்கில வழிக்கு மாறியதால் இரண்டு தாள்களில் தேறவில்லை, அடுத்த முறையே தேறினேன். இரண்டாம் ஆண்டில் உதவித்தொகை கிடைத்து வேலையை விட்டபின் என் சராசரி 7.8. ஆய்வு முறையியல் தாளிலும் திட்டக் கட்டுரையிலும் வகுப்பின் முதல் ஐந்து பேரில் ஒருவன்." இதில் கெஞ்சல் இல்லை. காரணம், காலம், மாற்றம், சான்று நான்கும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கையில் தாள் இருக்கிறது.

நான்காவது, சாதியைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்பது முழுக்க உங்கள் முடிவு. எழுதினால், நடந்ததை எழுதுங்கள். நம் வலியைக் காட்சிக்கு வைத்துத்தான் இடம் வாங்க வேண்டும் என்பதில்லை. எழுதாமல் விட்டால் அது கோழைத்தனமும் இல்லை. அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று தெரியாதபோது யோசித்து முடிவெடுப்பது நம் மூத்தோர் நமக்குக் கற்றுத்தந்த எச்சரிக்கை.

ஐந்தாவது, பரிந்துரைக் கடிதம். நீங்களே உங்கள் மதிப்பெண்ணை விளக்குவதைவிட, உங்களை வகுப்பில் பார்த்த ஆசிரியர் இரண்டு வரி எழுதுவது கனமாக நிற்கும். அவரிடம் உங்கள் சூழலைச் சொல்லுங்கள், மதிப்பெண் பட்டியலையும் ஆய்வு முன்மொழிவையும் கையில் கொடுத்து, மூன்று வாரம் முன்பே கேளுங்கள். செலிக்மன்கள் நம் கல்லூரிகளிலும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். நாம் கேட்காததால் அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஆறாவது, நேரத்தைப் பெரும்பாலும் ஆய்வு முன்மொழிவுக்குக் கொடுங்கள். முடிந்துபோன சராசரியை இனி மாற்ற முடியாது. முன்மொழிவை இன்னும் பத்து முறை திருத்தலாம். அம்பேத்கரே திருத்தித்தான் எழுதினார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாக் குறைந்த மதிப்பெண்ணுக்கும் சமூகம் மட்டுமே காரணம் அல்ல. படிக்காமல் விட்ட நாட்களும் இருக்கும். அங்கே வரலாற்றை முன்னால் நிறுத்தி ஒளிந்துகொள்ளக் கூடாது. இல்லாத கஷ்டத்தை எழுதுபவர், உள்ளபடியே பட்டவரின் வார்த்தையையும் நம்ப முடியாததாக்கிவிடுவார். உங்கள் பக்கத்துத் தவறு என்றால் 'அந்த ஆண்டு சரியாகப் படிக்கவில்லை, அதன்பின் இப்படி மாற்றிக்கொண்டேன்' என்று எழுதுங்கள். அதுவும் கணக்குத்தான்.

இதையெல்லாம் செய்தும் இடம் கிடைக்காமல் போகலாம். நேர்முகத்தில் 30 மதிப்பெண் இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது. அப்போது தகவல் உரிமைச் சட்டத்தில் மதிப்பெண் விவரம் கேளுங்கள். நஃபே குழு அறிக்கை போன்றவை வந்ததற்குக் காரணம், யாரோ அந்த எண்களை விடாமல் கேட்டதுதான். ஒருவர் விண்ணப்பித்துத் தோற்றால் ஒரு சான்று மிஞ்சும், விண்ணப்பிக்காமல் விட்டால் அதுவும் மிஞ்சாது.

எங்கள் தம்பி கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு விண்ணப்பத்தை அனுப்பினார். அறை முழுக்க ஆட்கள், கீழே தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள், அம்மா விளக்கை அணைக்காமல் காத்திருந்தார் என்று மறுநாள் சொன்னார். பரேலின் அந்த ஒற்றை அறையை நாங்கள் நினைத்துக்கொண்டோம். எழுத்துத் தேர்வு அடுத்த மாதம். அவருடைய 6.1 அப்படியே இருக்கிறது, ஆனால் இப்போது அதன் பக்கத்தில் அவர் எழுதிய நான்கு வரிகளும் இருக்கின்றன.

உங்கள் மேஜையிலும் பாதி நிரப்பிய விண்ணப்பம் ஒன்று இருந்தால், இன்று திறந்து முடியுங்கள்.

ஜெய்பீம்.